'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து எழுத்தா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தங்கைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்துத் தர ஒரு சின்ன நிரல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்ட பிறகு தடையில்லாமல் ஓடியது.

கட்டத்துக்கு ஓர் எழுத்து. அப்படியென்றால் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலில் எண்ண வேண்டும். நீளத்தை எண்ணித் தரும் 'லென்' ஃபங்ஷனுக்குள் 'தமிழ்' என்று கொடுத்தேன். 5 என்று வந்தது.

எழுத்தெழுத்தாகப் பிரித்து அச்சிட்டுப் பார்த்தபோது விளங்கியது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'மி' ஒரே குறியீடு இல்லை. 'ம' ஒன்று, அதன் மேல்விலங்கு இன்னொன்று. 'ழ்' என்பதும் அப்படியே: 'ழ' தனி, புள்ளி தனி. மேல்விலங்கும் புள்ளியும் துணையில்லாமல் தனித்தனி வரியில் நின்ற அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

தேடியதில் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு, கிடைத்தது. இத்தகைய தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி கொண்டு ஒரே வரியில் நிறுவினேன். அதிலுள்ள 'கெட் லெட்டர்ஸ்' த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தது. எப்படிச் செய்கிறது என்று அறிய யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூலநிரல் திறந்தே கிடந்தது. உள்ளே உயிர் 12, மெய் 18, பள்ளியில் ஒப்பித்த அதே வரிசையில். பின்னால் வரும் குறியை முன்னெழுத்தோடு சேர்க்கும் இடத்தை வரிவரியாகப் படித்தேன். எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அவ்வளவு கற்றுத்தந்ததில்லை.

இப்படித் திறந்து கிடப்பதுதான் கட்டற்ற மென்பொருள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு வகுத்த நான்கு உரிமைகள் இவை: பயன்படுத்துவது, படித்தறிந்து மாற்றுவது, பகிர்வது, மாற்றியதையும் பகிர்வது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் விலையில்லாததா, விடுதலையா என்று விளக்க வேண்டியிருக்கிறது. 'கட்டற்ற' என்ற நம் சொல்லுக்கு அந்தக் குழப்பமே இல்லை. எனக்குப் பிடித்த சொல் அது.

அடுத்து நானும் எதையாவது திருப்பித் தர நினைத்தேன். வேறொரு சிறு திட்டத்தின் வழிகாட்டியில் இருந்த எடுத்துக்காட்டு ஓடவில்லை. 'பிரின்ட்' அடைப்புக்குறி இல்லாமல் இருந்தது. அது பைத்தான் 2 காலத்து எழுத்து. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. மூன்று வரிதான் திருத்த வேண்டும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அத்திட்டத்தை என் கணக்குக்கு நகலெடுத்து (ஃபோர்க்), தனிக் கிளை போட்டு, மாற்றத்தைப் பதிவு (கமிட்) செய்தேன். அதைத் தளத்துக்கு அனுப்பும்போது (புஷ்) கடவுச்சொல் செல்லாது என்றது. கிட்ஹப்பில் 2021 ஆகஸ்ட் முதல் மாற்றங்களைக் கையாளும் கிட் கருவியின் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும் என்று பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. சாவி உருவாக்கிச் சேர்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிழைச்செய்தியை முழுதாகப் படிக்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

திட்டத்தைப் பராமரிப்பவர் மறுநாள் பதில் எழுதினார். இதே பிழை இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது, அதையும் சேர்க்க முடியுமா, கமிட் குறிப்பில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள் என்றார். நான் வெறுமனே 'மாற்றம்' என்று எழுதியிருந்தேன். முகம் தெரியாத ஒருவர் என் மூன்று வரியை இவ்வளவு அக்கறையாகப் படித்தது நெகிழ வைத்தது. திருத்தி அனுப்பினேன். நான்காம் நாள் இணைத்துக்கொண்டார்.

தங்கையின் முதல் புதிரில் 'தமிழ்' மூன்று கட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. உடனே, "அண்ணா, 'ஸ்ரீ'க்கு எத்தனை கட்டம்?" என்றாள். யூனிகோடு கணக்கில் அது நான்கு குறியீடு. அதற்கான சோதனை நிரலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.