மஞ்சள் காலுறை போட்ட மல்வோலியோ

நம் காலத்தில் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் பௌதிகம், இரசாயனம் என்று ரியூசனுக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்க, நாங்கள் சிலர் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் இருந்து சேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' படித்தோம். "இதைப் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கப்போறாய்?" என்று கேட்காத உறவினர் இல்லை. உத்தியோகம் வேறு வழியில் வந்தது. ஆனால் மலர்க் குழுத் தம்பி "பள்ளிக்கால நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர்கள் அந்த நாடகத்து ஆட்கள்தான்.

எங்களுக்கு அதைப் படிப்பித்த சேர், பாத்திரங்களைப் பற்றிப் பேசும்போது பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். ஓர்சினோ இல்லிரியா நாட்டுக் கோமகன். நாடகம் தொடங்குவதே அவன் காதல் ஏக்கத்தில் இசை கேட்பதோடு. சில வரிகள் போவதற்குள் "போதும், முன்போல இனிக்கவில்லை" என்று நிறுத்தச் சொல்லிவிடுகிறான். "காதலிக்கிறவனுக்கு வேற வேலை இராது. இவன் அந்த வேலைக்கும் ஆள் வைச்சிருக்கிறான்" என்றார் சேர். பிறகு எங்களைப் பக்கம் புரட்டிப் பார்க்கச் சொன்னார். ஓர்சினோவும் அவன் உருகி உருகிக் காதலிக்கும் ஒலிவியாவும் நேருக்கு நேர் சந்திப்பது ஐந்தாம் அங்கத்தில்தான். அதுவரை எல்லாம் தூது.

உயர்குலப் பெண்ணை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, கீழே நின்று பெருமூச்சு விடுவதும் கவிதை அனுப்புவதும் ஐரோப்பிய அரசவைகளில் நெடுங்காலம் நடந்த வழக்கம். 1600 அளவில் இங்கிலாந்தில் அது நன்றாகப் பழசாகியிருந்தது. ஒலிவியாவே அதைக் கேலி செய்கிறாள். தன் அழகுக்கு ஒரு பட்டியல் தயாரித்து விடுவதாகச் சொல்கிறாள்: உதடு இரண்டு, ஓரளவு சிவப்பு; சாம்பல் நிறக் கண் இரண்டு, இமைகளோடு; கழுத்து ஒன்று, நாடி ஒன்று. தமிழ்ப் பாடத்தில் கேசாதிபாத வருணனைகளை மனனம் செய்து களைத்திருந்த எங்களுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போனது.

தூது போகிறவள் வயோலா. கப்பல் உடைந்து, இரட்டைச் சகோதரன் செபஸ்தியன் இறந்துவிட்டான் என்று நினைத்து, ஆண் வேடத்தில் செசாரியோ என்ற பெயரில் ஓர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவனையே காதலிக்கிறாள், அவனுக்காக இன்னொருத்தியிடம் போய்க் காதல் பேசுகிறாள், அந்த இன்னொருத்தியோ தூது வந்த 'பொடியன்' மேலேயே ஆசைப்படுகிறாள். வயோலாவின் பெயரை மேடையில் யாரும் கடைசிக் காட்சி வரை உச்சரிப்பதில்லை. புத்தகத்தில் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் பெயர் இருக்கும். பார்க்க வந்தவனுக்கு இருக்காது. இதைச் சேர் காட்டித் தந்தபோது ஒருவரும் நம்பாமல் மறுபடியும் பக்கம் புரட்டினோம்.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு இதிலிருந்து சில காட்சிகள் போடுவதென்று முடிவாயிற்று. ஆண்கள் கல்லூரி, பெண் வேடத்துக்கும் பொடியன்கள்தான். சேக்ஸ்பியர் காலத்திலும் அப்படித்தான், நம்மூர்க் கூத்திலும் அப்படித்தான் என்பதால் மண்டபத்தில் அதை யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை. கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. குரல் உடையாத கீழ்வகுப்புத் தம்பி ஒருவனை வயோலாவாகப் போட்டால், ஆண் வேடத்தில் அவன் வெறும் பொடியனாக நிற்கிறான். உள்ளே ஒரு பெண் இருப்பது தெரியவில்லை. சேர் மேடைக்கு ஏறிவந்து சொன்னார்: "ஆம்பிளையா நிக்காதை. ஆம்பிளை மாதிரி நிக்கத் தெரியாத பெட்டையா நில்." தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, கால்களை அளவுக்கு மீறி அகட்டி, கைகளை இடுப்பில் வைத்தான். அவ்வளவுதான், வயோலா வந்துவிட்டாள்.

எனக்குக் கிடைத்தது 'சேர்' பட்டம் பெற்ற அன்ட்ரூவின் வேடம். வருடம் மூவாயிரம் டக்கட் பொற்காசு வருமானம், மூளை மட்டும் குறைவு. ஒலிவியாவைக் கட்டித் தருவதாக ஆசை காட்டி, அவளுடைய உறவுக்காரரான சேர் டோபி இவனிடம் இரண்டாயிரம் வரை கறந்துவிடுகிறார். குடித்துக் கூத்தடிக்கும் இந்த அன்ட்ரூவுக்கு, வேலைக்காரப் பெண் மரியாவுக்கு டோபி மேல் விருப்பம் என்று தெரிந்ததும், சம்பந்தமில்லாமல் ஒரு வரி வருகிறது: "என்னையும் ஒருகாலம் ஒருத்தி விரும்பினவள்." யார், எப்போது, ஒன்றும் இல்லை. நாடகம் அப்படியே அதைத் தாண்டிப் போய்விடுகிறது. முழு நாடகத்திலும் காதலைப் பற்றிச் சொல்லப்பட்ட பேச்சுகளில் இதைவிட எனக்குப் பிடித்தது இல்லை; நான் நடித்த பாத்திரம் என்பதாலும் இருக்கலாம்.

சரி, மல்வோலியோவுக்கு வருவோம். ஒலிவியா வீட்டின் காரியங்களைப் பார்க்கிறவன், கண்டிப்பான ஆள். ஒலிவியாவின் சகோதரன் இறந்த சாவீட்டில் நள்ளிரவில் பாட்டுப் போட்டுக் குடித்தவர்களை அதட்டியதற்காக அவனுக்குப் பொறி வைக்கிறார்கள். மரியா எஜமானியின் கையெழுத்தில் ஒரு காதல் கடிதம் எழுதித் தோட்டத்தில் போடுகிறாள்: மஞ்சள் காலுறை போடு, நாடாவைக் குறுக்கே கட்டு, எந்நேரமும் சிரி. எங்கள் மஞ்சள் காலுறை, மஞ்சள் இல்லத்து உதைபந்தாட்டக் காலுறை. நாடா, சப்பாத்துக் கயிறு. அவன் கடிதம் படிப்பதை நாங்கள் ஒளிந்திருந்து பார்த்த புதர், அதிபர் வீட்டு முற்றத்துக் குரோட்டன் சாடிகள். மல்வோலியோவாக நடித்தவர் மாணவத் தலைவர். பிந்தி வருகிறவர்களை வாசலில் மறித்துப் பெயர் எழுதுகிறவர். ஆகவே அவர் அந்தக் காலுறையோடு சிரித்துக்கொண்டு நுழைந்ததும் மண்டபம் போட்ட சத்தத்தில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

அவர் கழுத்தில் கடேற் விசில் சங்கிலி ஒன்று தொங்கியது. அதற்குக் காரணம் உண்டு. கடிதம் கண்ணில் படும் முன்னமே மல்வோலியோ தனியே நடந்தபடி கனவு காண்கிறான்: கோமகன் மல்வோலியோவாகி, தூங்கும் ஒலிவியாவைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்து, டோபியைக் கூப்பிட்டு விசாரிக்கிறான், மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பான், அல்லது விளையாட்டாகத் தன்... என்று இழுத்து, "ஏதாவது விலையுயர்ந்த நகையை" என்று முடிக்கிறான். கை போன இடம் அவனுடைய உத்தியோகச் சங்கிலி. கோமகனுக்கு அது இராது என்று அந்தக் கணத்தில் நினைவு வருகிறது. அந்த இடத்தில் கை எப்படிப் போய் எப்படித் திரும்ப வேண்டும் என்று சேர் எத்தனையோ பின்னேரம் பழக்கினார். அவன் ஒலிவியாவை விரும்பவில்லை, 'கோமகன் மல்வோலியோ' என்ற பட்டத்தைத்தான் விரும்பினான் என்பது என் கட்சி.

ஆனாலும் தண்டனை அதிகம். வேலைக்காரப் பெண் மரியா டோபியைக் கட்டுகிறாள். செபஸ்தியன் வந்து இறங்கிய வேகத்தில் ஒலிவியாவைக் கட்டுகிறான். கோமகன் தன் ஏவலாளையே கட்டப்போகிறான். மேலே ஆசைப்பட்ட மல்வோலியோவுக்கு மட்டும், பைத்தியம் என்று சொல்லி, இருட்டறை. கோமாளி ஃபெஸ்டே பாதிரியார் வேடத்தில் வந்து, இருட்டே இல்லை, ஜன்னல் வெளிச்சம் கொட்டுகிறது என்று சாதிக்கிறான். சிரித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

இந்த நாடகம் அந்தக் காலத்தில் மேடையேறிய மண்டபம் ஒன்று இங்கே இலண்டனில் இன்னும் நிற்கிறது. சட்டம் படித்த ஜோன் மானிங்ஹாம் என்பவர் 1602 பெப்ரவரி 2 விருந்தில் மிடில் ரெம்பிள் மண்டபத்தில் இதைப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதினார். கடிதம் எழுதி மல்வோலியோவை ஏமாற்றிய விதத்தைத்தான் அவர் விரித்துச் சொல்கிறார். வயோலாவைப் பற்றிப் பேச்சே இல்லை. முதலாம் சார்ள்ஸ் மன்னரும் தன் புத்தகத்தில் இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் 'மல்வோலியோ' என்றுதான் எழுதிவைத்தார். நானூறு ஆண்டு நிறைவுக்கு 2002இல் குளோப் அரங்கத்தார் அதே மண்டபத்தில் இதை ஆண்களை மட்டும் வைத்து மேடையேற்றினார்கள். நடிகர் மார்க் ரைலன்ஸ்தான் ஒலிவியா. எங்கள் பரிசளிப்பு விழாக் குழு அவர்களை முந்திவிட்டது என்று அப்போது நண்பர்களுக்கு எழுதினேன்.

முடிவில் மல்வோலியோ "உங்கள் கூட்டத்தையே பழிவாங்குவேன்" என்று வெளியே போகிறான். ஓர்சினோ அவனைச் சமாதானப்படுத்திக் கூட்டிவரச் சொல்கிறான். ஏன் என்று சேர் பரீட்சையில் கேட்டார். வயோலாவின் பெண் உடுப்பு ஒரு கப்பல் கப்டனிடம் இருக்கிறது. அந்தக் கப்டன் மல்வோலியோ போட்ட வழக்கில் மறியலில் இருக்கிறான். இவன் மனம் வைக்காவிட்டால் கோமகனின் கலியாணமே இழுபடும்.

அவன் திரும்பி வந்தானா என்ற வாதம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ரொறன்ரோவில் சட்டத்தரணியாக இருக்கும் நண்பன், இருட்டறைக்கு நட்டஈடு வாங்காமல் வழக்கை வாபஸ் எடுத்திருக்க மாட்டான் என்கிறான். அடுத்த நாள் காலையே வந்து குசினிக் கணக்குப் பார்த்திருப்பான், அந்த வீட்டில் வேலை செய்தது அவன் ஒருவன்தானே என்பது என் பதில். "அப்ப சம்பளம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பான்" என்று போட்டிருக்கிறார் பழைய மாணவத் தலைவர்.