மிச்சத்துக்குப் போட்ட பாட்டு

1987இல் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், சவோய் தியேட்டருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு ரெக்கோர்டிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுதான் என் முதல் வேலை. ஆட்கள் கொப்பித் தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதைக் கசெட்டில் பதிந்து, அட்டையில் அழகான கையெழுத்தில் பெயர்களை எழுதிக் கொடுப்போம்.

கேட்கச் சின்ன வேலைதான், ஆனால் அதில் ஒரு கணக்கு உண்டு. சி-60 கசெட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆட்கள் எழுதி வரும் எட்டு, ஒன்பது பாட்டுகள் அந்த முப்பதுக்குள் சரியாக அடங்கியதே இல்லை. மூன்று நான்கு நிமிடம் மிச்சம் விழும். வெறும் நாடாவாக விட்டுக் கொடுத்தால் ஏமாற்றிப்போட்டார்கள் என்று நினைப்பார்கள் என்பது முதலாளியின் கவலை. அதனால் மேசை லாச்சியில் ஒரு கொப்பி வைத்திருந்தார். ‘மிச்சத்துக்கு’ என்று தலைப்புப் போட்டு, பாட்டின் பெயரும் அதற்கு நேரே நிமிடமும் எழுதியிருப்பார்.

அந்தக் கொப்பியில் நாலு நிமிடத்துக்கு நேரே இருந்தது அமெரிக்கப் பாடகி சிண்டி லோப்பரின் ‘டைம் ஆஃப்டர் டைம்’. 1983இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டான ‘ஷீஸ் ஸோ அன்யூஷுவல்’ எங்களிடம் இருந்தது. ஆட்கள் கேட்டு வந்ததெல்லாம் அதே தட்டின் ‘கேர்ள்ஸ் ஜஸ்ட் வோன்ட் டு ஹாவ் ஃபன்’ பாட்டைத்தான். முதல் பக்கத்தின் நாலாவதும் கடைசியுமான பாட்டாக ‘டைம் ஆஃப்டர் டைம்’ ஒதுங்கியிருந்தது. 1984 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. அவருக்கு அந்த இடத்தை முதன்முதலில் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். எங்கள் கடையில் அது மிச்சத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கோட்டையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாட்டுகள் கேட்டு எழுதித் தந்தார். முதல் பக்கத்தில் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. ‘டைம் ஆஃப்டர் டைம்’ பாட்டைப் போட்டேன். சரி, கடைசியில் அதே சொற்கள்தானே திரும்பத் திரும்ப வந்து தேய்ந்து போகின்றன, அந்த இடத்தில் நிறுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். குரல் மெலியத் தொடங்கியதுமே ஊசியைத் தூக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அக்கா கசெட்டோடு வந்து நின்றார். ஜிம் ரீவ்ஸுக்குப் பின்னால் கேட்காத பாட்டைப் போட்டதற்கு ஏசப்போகிறார் என்று பயந்தேன்.

“தம்பி, கடைசிப் பாட்டு ஆர் பாடினது? அது இடையில நிண்டு போகுது. எனக்கு அது முழுசா வேணும்.”

முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கசெட் டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டைத் துடைத்தார். கடற்காற்று அடிக்கும் கடை என்பதால் தினமும் துடைக்க வேண்டும், பஞ்சு மண்ணிறமாக வரும். பிறகு தட்டைப் போட்டு, “இப்ப கேள்” என்றார்.

அன்றுதான் அந்தப் பாட்டைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அடியில் மணிக்கூடு ஓடுவதுபோல மெல்லிய தாளம். ஹெட் கொஞ்சம் சரிந்திருந்தாலும் முதலில் காணாமல் போவது அந்த மெல்லிய சத்தம்தான். பல்லவியில் சிண்டியின் குரலுக்குக் கீழே ஓர் ஆண் குரல் சேர்கிறது. அது ரொப் ஹைமன், அவரோடு சேர்ந்து பாட்டை எழுதியவர். நான் வெட்டி எறிந்த கடைசிப் பகுதியில் குரல் தூரம் போகப் போக, நாமும் கூடவே கொஞ்சத் தூரம் நடக்கிறோம். சத்தம் முழுதாக அடங்கி, ஊசி வெறும் கோட்டில் ஓடும் வரை முதலாளி அசையவில்லை.

இந்தப் பாட்டு பிறந்த கதை எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. இசைத்தட்டு வேலை ஏறக்குறைய முடிந்த நேரத்தில் தயாரிப்பாளர் ரிக் செர்ட்டொஃப் இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்க, சிண்டியும் ஹைமனும் உட்கார்ந்து எழுதியது. தலைப்பைக்கூட ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதழில் கண்ணில் பட்ட படத்தின் பெயரிலிருந்து சிண்டி எடுத்தாராம். அதை வாசித்தபோது எனக்கு அந்த லாச்சிக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. பாட்டைத் தட்டின் முதல் வெளியீடாக விடலாம் என்ற பேச்சும் இருந்திருக்கிறது. மெதுவான பாட்டோடு தொடங்கினால் அந்த வகைப் பாடகி என்றே முத்திரை குத்திவிடுவார்கள் என்று சிண்டிதான் மறுத்தார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஹோட்டல் ஒன்றில் ட்ரம்பெட் வாசித்த ஒருவர் பிறகு ஒரு கசெட் கொண்டுவந்தார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1985இல் இதே பாட்டை ட்ரம்பெட்டில் வாசித்திருந்தார். சொல்லே இல்லை, ஆனாலும் அந்தப் பல்லவி வந்த இடத்தில் கடையில் நின்ற எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அக்காவுக்குப் புதுக் கசெட் பதிந்து கொடுத்தோம், காசு வாங்கவில்லை. அடுத்த மாதங்களில் அந்தப் பாட்டைக் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள், எல்லோரும் எங்கோ ஒரு கசெட்டின் தொங்கலில் அதைக் கேட்டவர்கள். ஒரு பின்னேரம் முதலாளி லாச்சியைத் திறந்து, கொப்பியில் அந்த வரியைப் பேனாவால் வெட்டினார். மற்றக் கொப்பியை எடுத்து, கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பாட்டுகளின் பக்கத்தில் திரும்பவும் எழுதினார். நேரே நிமிடத்தைப் போட்டு, பக்கத்தில் ‘கடைசி வரை’ என்று சேர்த்து, கோடும் இழுத்தார்.