பிள்ளையிடம் என்ன சொல்வது?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டுக்கு முதல் நாள் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாப்பிட்டீர்களா என்பதுதான். ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல இதற்கும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்தும் அருமனையிலிருந்தும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். கேன்டீனிலிருந்து இட்லி வரவழைத்துச் சாப்பிட வைத்த பிறகுதான் ஊசியை எடுப்பேன். பதினோரு வருஷமாக இதுதான் வேலை.

அவளும் சாப்பிடாமல்தான் வந்திருந்தாள். முப்பத்து மூன்று வயது. அண்டி ஆபீஸில் அண்டி தல்லும் வேலை. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, இளையவனுக்குப் பதினான்கு மாதம். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன்.) இட்லியைப் பிட்டு வாயில் வைக்காமலேயே கேட்டாள்: "சிஸ்டர், பிள்ளைட்ட நான் என்னத்தச் சொல்ல?"

பிழைப்பேனா என்று அவள் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் அம்மாக்கள் பெரும்பாலும் அதை முதலில் கேட்பதில்லை.

அவள் வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே வழியில் வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இளையவனுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி. பால் கட்டியிருக்கிறது என்றார் மாமியார். சுடுதண்ணீர் ஒத்தடம், மல்லிகைப்பூ கட்டுதல் எல்லாம் ஆயிற்று. பிறகு ஒரு கிளினிக்கில் பால் கட்டிச் சீழ் வைத்திருக்கும் என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எழுதவில்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால் முதலில் பால் கட்டு என்று நினைப்பதில் தப்பில்லை, பெரும்பாலும் அதுதான். ஆனால் மருந்து சாப்பிட்டும் இரண்டு மூன்று வாரத்தில் கரையாவிட்டால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தாமலே எடுக்கலாம், ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எந்த வாசலில் வேண்டுமானாலும் நிற்பேன். அவளுக்கு எட்டு மாதம் போய்விட்டது. மார்புத் தோல் சாத்துக்குடித் தோல்போலக் குழிகுழியாகி, கட்கத்தில் (அக்குளில்) நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

பையன் அந்தப் பக்கம் குடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டானாம். "அவனுக்கு மனசிலாயிருக்கு, எனக்குத்தான் ஆவல்ல" என்றாள்.

பயாப்ஸி, சிடி ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னது, மார்பகப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். கட்டி அந்த இடத்தில் பெரிதாகி, தோலையும் பக்கத்து நெறிகளையும் பிடித்திருக்கிறது, ஆனால் ஈரல், நுரையீரல், எலும்பு என்று வேறு எங்கும் போனதாகத் தெரியவில்லை. முழுதாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தொடங்குகிறோம் என்றார். அவள் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தேகம். இவ்வளவு பெரிய கட்டியை ஏன் உடனே வெட்டி எடுக்கவில்லை? கைவிட்டுவிட்டார்களோ? இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். தோலைப் பிடித்த கட்டியை அப்படியே வெட்டினால் சுத்தமாக எடுக்க முடியாது. முதலில் மருந்தால் சுருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் போயிருக்கக்கூடிய அணுக்களையும் அதே மருந்து தேடிப் பிடிக்கும். ஆபரேஷன் அப்புறம், கதிர் அதற்கும் அப்புறம். அட்டவணையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலு டோஸ் சிவப்பு மருந்து, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு மாதமும் அந்தத் தாள் அந்தப் பையில் இருந்தது.

மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் கேட்டியளா. அம்மைக்கு வயித்து வலின்னு சொல்லிருக்கு."

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேறோர் ஆஸ்பத்திரி. ஒரு பெண்ணுக்கு நோய் முற்றியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அவளுடைய மகனுக்கு ஒன்பது வயது. வீட்டார் கேட்டுக்கொண்டபடி, "அம்மாக்கு சாதாரணக் காய்ச்சல் மக்கா, அடுத்த வாரம் வந்துருவாங்க" என்று நான் சொன்னேன். அவன் நம்பினான். நான் யூனிபார்ம் போட்டிருந்தேன் அல்லவா. பத்து நாளில் அவள் இறந்துபோனாள். வராந்தாவில் அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அதன்பிறகு எந்தப் பிள்ளையிடமும் பொய் சொன்னதில்லை, யாருக்காகவும்.

அதனால் மாமியாரிடம் சொன்னேன்: அம்மா, அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். என்னவென்று தெரியாது, ஏதோ பெரிதாக நடக்கிறது என்று தெரியும். அடுக்களையில் பேச்சு நிற்பது தெரியும். நாம் சொல்லாவிட்டால் தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

அவளோடு உட்கார்ந்து சொற்களைத் தேடினோம். முதல் டோஸ் ஏறிக்கொண்டிருந்த நேரம்தான் அதற்குக் கிடைத்தது. சிவப்பு மருந்தை நான் பக்கத்திலேயே இருந்து மெதுவாகச் செலுத்த வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் மருந்து, கண்ணை எடுக்க முடியாது. அப்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டே பேசினோம். கட்டி என்று மட்டும் சொன்னால் நாளை பிள்ளைக்குத் தொடையில் ஒரு கட்டி வந்தால்கூடப் பயந்துவிடும், அதனால் கேன்சர் என்ற பெயரையே சொல்லிவிடலாம் என்றேன். அவள் உதடு நடுங்கியது. மூன்று விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று முடிவானது. இது யாரும் செய்ததால் வரவில்லை. தொட்டால் ஒட்டாது. அம்மா படுத்திருக்கும் நாளில் சோறு யார் தருவார், பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுவிடுவார். கடைசியில் சொன்னதைத்தான் பிள்ளைகள் ரொம்பக் கவனமாகக் கேட்கும்.

இரண்டாவது டோஸுக்கு வந்தபோது சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள் வெகுநேரம் பேசவில்லையாம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறது: "தம்பி கடிச்சான்லா, அதுனாலயா? அன்னைக்கு நானும் பந்து எறிஞ்சு அதுல பட்டுச்சே." எத்தனை மாதமாக அதை மனசுக்குள் வைத்திருந்ததோ. யாரும் செய்ததால் வரவில்லை என்று பகலில் சொன்னதை இருட்டில் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

பால் மறக்க வைத்தது தனிக் கதை. கீமோ மருந்து பாலில் கலக்கும், கொடுக்கவே கூடாது. முதல் டோஸுக்கு நாலு நாள் முன்னால் வலது பக்கம் சென்னிநாயகம் தடவியிருக்கிறாள். மற்ற ஊர்களில் மூசாம்பரம் என்பார்கள், கடும் கசப்பு. அவன் வாய் வைத்து, முகம் சுளித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, மறுபடியும் வாய் வைத்தானாம். மூன்று ராத்திரி வீடு தூங்கவில்லை. இந்த நோயில் எது ரொம்ப வலித்தது என்று அவளிடம் கேட்டால் ஊசியையும் ஆபரேஷனையும் சொல்ல மாட்டாள், அந்த மூன்று ராத்திரியைத்தான் சொல்வாள்.

வீட்டில் இன்னொரு தப்பும் நடந்தது. கீமோ உடம்பில் விஷம் இருக்கும் என்று யாரோ சொல்ல, பையனை அவள் பக்கத்தில் விடாமல் பெரியம்மா வீட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கோபமே வந்தது. மருந்து ஏறி இரண்டு நாள்வரை சிறுநீர், வாந்தி இவற்றில் கவனம் வேண்டும். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவ்வளவுதான். பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுக்கலாம், முத்தம் கொடுக்கலாம். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், அம்மை என்றால்தான் தள்ளி வைக்க வேண்டும், அதுவும் அம்மாவைக் காப்பாற்ற. டோஸ் போட்டு ஏழு நாளிலிருந்து பதினான்கு நாள்வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணு ரொம்ப இறங்கியிருக்கும். அப்போது அவளுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, நடுராத்திரி ஆனாலும் வண்டி பிடித்து வந்துவிட வேண்டும். தெர்மாமீட்டரைப் பார்க்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். ஏழு வயதுதான், எண் படிக்கத் தெரிந்தது.

முடி பதினேழாம் நாள் கொட்ட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருப்பதால் அங்கே மட்டும் தான் தனியாகத் தெரியவில்லை என்றாள். சிவப்பு மருந்து முடிவதற்குள் நகங்கள் கறுத்துவிட்டன. அவள் விரல்களை நீட்டிக் காட்டியபோது எது அண்டி எண்ணெய் அரித்த பழைய கறுப்பு, எது மருந்தின் கறுப்பு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

விரலைப் பார்த்தபோதுதான் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பற்றிக் கேட்கத் தோன்றியது. கார்டு இருந்தது, பீரோவில், கல்யாணப் பட்டுக்குக் கீழே. பிரசவத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருக்கிறாள். சாதாரண நோய்க்கு வருஷத்துக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் தருவார்கள். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம்வரை. இரண்டு வருஷம் வேலையில் இருந்திருக்க வேண்டும், 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தோம், நாள் போதுமாக இருந்தது. பணம் உடனே வரவில்லை, சர்டிபிகேட்டுக்கும் கையெழுத்துக்கும் அவள் வீட்டுக்காரர் மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலெல்லாம் நடந்தார். எங்கள் வார்டில் மருந்து, ஊசி என்றுதான் பேசுகிறோம். வேலைக்குப் போகாத நாளின் கூலியைப் பற்றி நாங்களும் பேச வேண்டும் என்று அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.

மருந்துக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. மார்பை எடுத்தார்கள், கட்கத்து நெறிகளையும் எடுத்தார்கள். நெறி எடுத்த பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்காமல் இருக்கவும், தோள் இறுகாமல் இருக்கவும் பயிற்சி உண்டு. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே நகர்த்த வேண்டும். அவர்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே மகள், அம்மாவின் நடுவிரல் தொட்ட இடத்தைத் தினமும் குறித்துத் தேதி போட்டிருக்கிறாள். போனில் படம் காட்டினாள். முதல் வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு நாள் கோடு முந்தின நாளுக்குக் கீழே இருந்தது. அதற்குப் பக்கத்தில் "வலி" என்று எழுதியிருந்தது.

கதிர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசி என்கிற மண்டலப் புற்றுநோய் மையம். 1981இல் அது தொடங்கிய நாளிலிருந்து எங்கள் மாவட்டத்து நோயாளிகளுக்கு அது அடுத்த ஊர் மாதிரிதான். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம், குழித்துறையிலிருந்து காலை ரயில். மெஷினில் படுப்பது சில நிமிடம்தான், போக வர ஒரு நாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று ஓடுவாள்.

இப்போது ஹார்மோன் மாத்திரை, ஐந்து வருஷமாவது சாப்பிட வேண்டும். வலது பக்கத்துக்கு வருஷம் ஒரு மேமோகிராம். போன மாதம் செக்கப் முடிந்து வார்டுக்கு என்னைப் பார்க்க வந்தாள். முடி காது மறையும்வரை வளர்ந்திருந்தது. சாப்பிட்டியா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்:

"அவ கேக்கா சிஸ்டர், அது திரும்ப வருமான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

வராது என்று சொல்லாதே, என்றேன். உனக்கும் எனக்கும் தெரியாததை அவளிடம் சொல்ல வேண்டாம். இப்போது இல்லை, டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், வந்தால் உன்னிடம் மறைக்க மாட்டேன் என்று சொல்.

"இப்ப இல்ல. டாக்டர் பாத்துட்டே இருக்காவ. வந்தா ஒனக்க கிட்ட மறைக்க மாட்டேன்." என் முன்னால் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரம் குரல் நடுங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.