தண்ணீர் வந்த வழியில் ஒரு கம்பளி ஆலை

அம்பத்தூரில் இயந்திர வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் நான் பணியாற்றியபோது, வேல்ஸ் நாட்டுக் கிராமத்தில் ஒரே குடும்பம் தலைமுறைகளாக நடத்திவந்த கம்பளி ஆலை ஒன்றை வரைந்து தரும் வேலை வந்தது. லேசர் ஸ்கேன் கோப்புகளும் கணக்குப் புத்தகத்தின் நகல்களும் கைக்கு வந்தன. கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளில் பல காலம் இருந்துவிட்டு வந்த எங்கள் மூத்த வரைவாளர், "மொதல்ல தண்ணி எந்தப் பக்கமா உள்ள வருதுன்னு பாரும்மா, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான்" என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்நாட்டில் ஆற்றங்கரைக்கு முதலில் வந்தது நூற்பும் அல்ல, நெசவும் அல்ல. வீடுகளில் நெய்த துணியை நனைத்து, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சுத்தியல்களால் அடித்துச் சுருக்கி இறுக்கும் ஆலைதான். சுத்தியல்களை இயக்கிய அதே தண்டிலிருந்து பின்னாளில் சிக்கெடுக்கும் இயந்திரமும் நூற்பு இயந்திரமும் இயங்கலாயின. உதாரணமாக, வேல்ஸின் கான்வி பள்ளத்தாக்கில் உள்ள ட்ரெவ்ரிவ் ஆலையை 1859-இல் தாமஸ் வில்லியம்ஸ் வாங்கினார். பிறகு அது அவருடைய குடும்பத்திடமே இருந்தது. சக்கரங்களின் இடத்துக்கு நீர்மின் டர்பைன்கள் வந்த பின்னும் அதே ஆறுதான் ஆலையை ஓட்டியது.

ஒரே மூச்சில் கட்டப்பட்ட பஞ்சாலையில் பஞ்சு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் நூலாக வெளியேறும். நாங்கள் வரைந்த ஆலையிலோ ரோமம் மாடியேறும், இறங்கும், முற்றத்தைக் கடக்கும், மறுபடி ஏறும். எங்கள் இளைஞர்கள் சிரித்தார்கள். எனக்கு அது ஒவ்வொரு தலைமுறையும் இடித்துக் கட்டப் பணமில்லாமல் ஒட்டிக் கட்டிய கணக்காகத் தெரிந்தது.

வரைவதற்கு அதிக நாள் பிடித்தது கார்டிங் எனப்படும் சிக்கெடுக்கும் இயந்திரம். கம்பிப்பற்கள் பதித்த பட்டை சுற்றிய பெரிய உருளையைச் சுற்றிலும் சிறிய உருளைகள் இணை இணையாக நிற்கும். ஒன்று ரோமத்தைப் பிரிக்கும், மற்றது பிரித்ததை வாங்கிப் பெரிய உருளைக்கே திருப்பித் தரும். கடைசியில் சிலந்தி வலை போன்ற மெல்லிய படலம் வரும். அதைக் குறுகிய நாடாக்களாகப் பிரித்து, தோல்பட்டைகளுக்கு இடையே தேய்த்து, முறுக்கேறாத திரிகளாக்குவார்கள். அவற்றுக்கு முறுக்கேற்றுவது மியூல் என்னும் நூற்பு இயந்திரம்: கதிர்கள் பொருத்திய அதன் வண்டி வெளியே ஓடும்போது நூற்கும், திரும்பி வரும்போது சுற்றும்.

முதல் உலகப் போரின்போது ராணுவத்துக்கான ஃபிளானல் என்னும் மென்மையான கம்பளித் துணியால் வேல்ஸின் தென்மேற்கில் உள்ள ட்ரே-வாக் வெலிந்த்ரே வட்டார ஆலைகள் செழித்தன. போர் முடிந்து மிச்சச் சரக்கு சந்தைக்கு வந்ததும் விலை சரிந்து, பல ஆலைகள் மூடின. அங்கிருந்த கேம்ப்ரியன் ஆலையில் 1976-இல் கம்பளித் தொழில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தப்பிப் பிழைத்த ஆலைகளில் சில, சுற்றுலாப் பயணிகளுக்குப் படுக்கை விரிப்புகளை நெய்து விற்றன.

விரிப்பு வியாபாரம் மட்டுமே அவற்றைக் காப்பாற்றியது என்று நான் நம்பவில்லை. எங்களிடம் வந்த கணக்குப் பக்கங்களில் வெளி நெசவாளரின் கூலி வாரந்தோறும் இருக்கிறது. வீட்டு மகன்களுக்கும் மகள்களுக்கும் கூலிப் பத்தியே இல்லை. அதையும் செலவில் எழுதியிருந்தால், இலாபம் என்று காட்டிய பல ஆண்டுகள் நட்டத்தில்தான் முடிந்திருக்கும்.