கொச்சிப் பள்ளியும் இரண்டு கரண்டியும்

இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் தலைவலி தருவது ஹீப்ரு மொழியைவிட அடுக்களைக் கரண்டிதான். எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் யூத வாழ்வுக்கென்று தனிப் பகுதி உண்டு. ஆரம்பத்திலேயே ஒரு தடவை அங்கே போய்வாருங்கள். வீட்டில் ‘தொடாதே’ என்று சொல்லப்படும் பல பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிதானமாகப் பார்க்கலாம்.

யூதர்களின் ஓய்வுநாளான (சபாத்) சனிக்கிழமையும் திறந்திருக்கும். போய்ச் சேருவதுதான் பாடு. வெள்ளி பிற்பகலில் நின்றுபோகும் பஸ் சனி இருட்டிய பிறகுதான் ஓடும். டெல் அவிவிலிருந்து எருசலேமுக்கு அன்று ஷெருட் என்னும் பகிர்வு வேன் கிடைக்கும், அங்கிருந்து டாக்சி.

அருங்காட்சியகத்துக்குள் நான்கு யூத ஜெப ஆலயங்களின் உட்புறங்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இத்தாலியின் விட்டோரியோ வெனெட்டோ, ஜெர்மனியின் ஹோர்ப், தரையில் மணல் பரப்பிய சுரினாம், நம் பக்கத்துக் கொச்சி. கொச்சியில்தான் கால் நின்றுவிடும். மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளி (கேரளத்தில் ஜெப ஆலயத்தைப் பள்ளி என்பார்கள்), 16ஆம் நூற்றாண்டு. மேலே மரக்கூரையில் செதுக்கிய தாமரைகள். தச்சு வேலை கேரளக் கோயிலை நினைவூட்டும். யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் மேடை இங்கே இரண்டு: ஒன்று கூடத்தின் நடுவில், இன்னொன்று மாடியில். மாடி மேடைக்குப் பின்னால், மரச் சல்லடைத் தட்டிக்கு அப்பால் பெண்கள் இருப்பார்கள். தோராச் சுருள் வைக்கும் பேழை எருசலேமை நோக்கிய சுவரில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் அது கிழக்குச் சுவர், கொச்சியில் மேற்குச் சுவர்.

இனி வீட்டு விஷயம். வாசல்நிலையில், உள்ளே நுழையும்போது வலப்பக்கம் சாய்வாக இருக்கும் சின்னக் குழாய் மெசூசா. உள்ளே தோல்சுருளில் கையால் எழுதிய தோரா வசனங்கள், 22 வரிகள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் நீர் உள்ளே இறங்கி மை கரையும். ஓர் எழுத்து அழிந்தாலும் சுருள் செல்லாது. சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள்.

யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது. அதனால் அடுக்களையில் இறைச்சிப் பாத்திரம் ‘பசாரி’, பால் பாத்திரம் ‘ஹலாவி’. கரண்டி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, சில வீடுகளில் தொட்டிகூட இரண்டிரண்டு. இறைச்சி சாப்பிட்டபின் பல வீடுகளில் 6 மணி நேரம் பால் கிடையாது, சிலர் 3 மணியோடு விடுவார்கள். பால் கரண்டியைச் சூடான கறிக்குழம்பில் விட்டுவிட்டால் சத்தமில்லாமல் கழுவி வைப்பதுதான் பெரிய தப்பு. அதைத் தனியே எடுத்து வைத்துச் சொல்லிவிடுங்கள். உலோகமானால் பெரும்பாலும் 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்து, கொதிநீரில் முக்கி மீட்பார்கள். மண்பாண்டமும் பீங்கானும் பொதுவாகத் தேறாது. அந்தக் குழம்பைச் சாப்பிடலாமா என்பதை ரப்பியிடம் (யூத மதகுரு) கேட்டு அவர்களே முடிவு செய்வார்கள்.

வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்க மெழுகுவர்த்தி ஏற்றுவது சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு, எருசலேமில் 40 நிமிடம். அதற்குள் சமையல் முடிந்து, சாப்பாடு மின்தட்டின் மேல் ஏறிவிட வேண்டும். ‘பிளாட்டா’ என்பார்கள், பொத்தான் எதுவும் இல்லாமல் சூட்டைக் காக்கும் தட்டு. அதன்பின் ஓய்வுநாள் முடியும்வரை வீட்டார் விளக்கைப் போடவோ அணைக்கவோ மாட்டார்கள். கழிவறை விளக்கைப் பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டால் அவர்களுக்கு இரவு முழுக்க இருட்டுதான். ‘போடு’ என்று நேராகச் சொல்லத் தயங்கி, ‘அங்கே இருட்டாக இருக்கிறதே’ என்பார்கள். குறிப்பறிந்து கொள்ள வேண்டியதுதான்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்தத் தடை எதுவும் கிடையாது, அவர்கள் மதச்சட்டமே அப்படித்தான் சொல்கிறது. முதியவருக்கு மூச்சுத் திணறினால் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்காமல் ஆம்புலன்ஸ் எண் 101ஐ அழையுங்கள்.