கோத்தா கிளை: ஒருவழியாகச் சார்ட் ஏறக்குறைய முடிந்தது

ஜெர்மனியின் வெட்டின் (Wettin) அரச வம்சத்தில் அற்றுப்போன கிளைகளை ஒவ்வொன்றாகச் சார்ட் தாளில் வரைந்து வருகிறேன். இந்த முறை சாக்ஸ்-கோத்தா-ஆல்டன்பர்க். அரச குடும்பங்களின் வம்சாவளி அச்சிட்டே பேர் வாங்கிய ஊர் கோத்தா. அந்த ஊர் டியூக் குடும்பமே வாரிசில்லாமல் போனதுதான் வேடிக்கை.

தொடக்கம் கோத்தா டியூக் 'பக்திமான்' எர்ன்ஸ்ட். 1675-இல் அவர் கண்மூடியபோது மகன்கள் ஏழு பேர். 1680-இல் பாகம் பிரித்ததில் ஆளுக்கொரு குட்டி ராஜ்யம். கோத்தாவும் ஆல்டன்பர்க்கும் மூத்தவர் முதலாம் ஃபிரெட்ரிக்குக்கு. தம்பிகளுக்குப் போனவற்றில் கோபுர்க், ஐசன்பர்க், ரோம்ஹில்ட் மூன்றும் 1710-க்குள் ஆண் வாரிசில்லாமல் முடிந்துவிட்டன. (ஐசன்பர்க் கிறிஸ்டியன் ரசவாதத்தில் பணத்தைக் கரைத்தவர். அவருக்குத் தனிச் சார்ட்டே போடலாம்.)

பெயர்கள்தான் தலைவலி. பெட்டிக்குப் பெட்டி எர்ன்ஸ்ட், இல்லாவிட்டால் ஃபிரெட்ரிக். கோத்தாவில் ஓர் இரண்டாம் எர்ன்ஸ்ட், பின்னால் கோபுர்க்-கோத்தாவில் இன்னோர் இரண்டாம் எர்ன்ஸ்ட். பெயருக்குப் பக்கத்தில் இறந்த ஆண்டையும் எழுதிய பிறகுதான் சார்ட் படிக்கிற மாதிரி ஆனது. 1804-இல் இறந்த எர்ன்ஸ்ட் வானியல் பித்தர், சீபர்க் குன்றில் வானாய்வகம் கட்டியவர். அவருடைய மகன்களோடு கதை முடிகிறது. மூத்தவர் ஆகஸ்ட் 1822-இல் போனார். தம்பி நான்காம் ஃபிரெட்ரிக் 1825 பிப்ரவரி 11-இல், கல்யாணமே ஆகாமல்.

ஆனால் ஆகஸ்டுக்கு லூயிஸ் என்று ஒரே மகள் இருந்தாள். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. 1817-இல் அவளைக் கட்டியவர் கோபுர்க்-சால்ஃபெல்டு டியூக், 1824-இல் பிரிந்தார்கள். 1826-இல் விவாகரத்து. வாரிசில்லாத நிலத்தை உறவுக் கிளைகள் அதே ஆண்டு பங்கிட்டுக்கொண்டபோது கோத்தா அந்தக் கணவருக்கே போய்ச் சேர்ந்தது! எனக்கு இது இன்றும் வயிற்றெரிச்சல்தான். லூயிஸ் 1831-இல் பாரிசில் இறந்தாள், வயது முப்பது.

அவளைக் காட்டத்தான் மகள் வழிக்குப் புள்ளிக்கோடு என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கோடு அவள் மகன் ஆல்பர்ட்டிடம், அதாவது விக்டோரியா ராணியின் கணவரிடம் போகிறது. இன்னொரு புள்ளிக்கோடு முதலாம் ஃபிரெட்ரிக்கின் மகனான இரண்டாம் ஃபிரெட்ரிக்கின் மகள் அகஸ்டாவிடமிருந்து இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் வழியாக விக்டோரியாவிடமே வருகிறது. அகஸ்டா ராணிக்குக் கொள்ளுப்பாட்டி. அற்றுப்போனதாகச் சொல்லும் கிளையில் புள்ளிக்கோடு மட்டும் தாளின் ஓரம்வரை ஓடுகிறது.

நிலம் கைமாறியதற்கு வண்ணப் பென்சில். அதே 1826 பங்கீட்டில் உறவுக் கிளையான ஹில்ட்புர்க்ஹவுசன் டியூக் தன் ஊரை இன்னோர் உறவுக் கிளையான மைனிங்கனுக்கு விட்டுவிட்டு ஆல்டன்பர்க்குக்குக் குடிபோனார். அந்தப் பகுதி மட்டும் பாக்கி. அப்புறம் அடுத்த சார்ட், ரோம்ஹில்ட்.