கேட்பு, வசூல், நிலுவை: நூலக நிர்வாக நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

திருத்திய வரவு செலவு மதிப்பீடு எழுதும் மாதம். தமிழ்நாட்டில் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் முதன்மை வருமானம் நூலக வரி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இந்த வரி, இன்று சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, செலவழிப்பது நூலகம். இரண்டுக்கும் நடுவில்தான் பணம் தங்கிவிடுகிறது.

பலர் ‘நிலுவை’ என்று ஒரே எண்ணை எழுதிக் கடிதம் அனுப்புகிறார்கள். நிலுவை இரண்டு வகை. ஒரு பேரூராட்சியின் அரையாண்டு சொத்து வரிக் கேட்பு, அதாவது வசூலாக வேண்டிய மொத்தத் தொகை, 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நூலக வரிக் கேட்பு 2 லட்சம். எழுபது சதவீதம் வசூலானால் 1,40,000 வந்திருக்கும். மீதி 60,000 வீட்டுக்காரர்கள் தர வேண்டியது. வசூலான 1,40,000-இல் நமக்குச் செலுத்தியது 50,000 மட்டும் என்றால், 90,000 உள்ளாட்சியின் கணக்கிலேயே கிடக்கிறது. கடிதத்தில் இந்த 90,000-ஐ மட்டும் கேட்க வேண்டும். 1,50,000 என்று சேர்த்துக் கேட்டால் ‘வரி இன்னும் வசூலாகவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும், கோப்பு மூடிவிடும்.

இதற்குத் தேவை ஒரே ஒரு தாள்: கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல். அதைக் கணக்குப் பிரிவில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் மறுபேச்சு இல்லை. சொத்து வரி அரையாண்டுகள் செப்டம்பரிலும் மார்ச்சிலும் முடிவதால், அக்டோபரிலும் ஏப்ரலிலும் போவது நல்லது. மார்ச் கடைசி வாரத்தில் போனால் அங்கே யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது.

2022-இல் சொத்து வரி திருத்தப்பட்டபோது நூலக வரிக் கேட்பும் தானாகவே ஏறியது. மதிப்பீட்டில் பழைய கேட்பை அப்படியே ‘முன்னாண்டுபோல’ என்று எழுதும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தன் பணத்தைத் தானே குறைத்துக் கேட்பது அது.

பிப்ரவரி 6, வியாழன்

எதை வெட்டுவது? சம்பளம், வாடகை, மின்கட்டணம் போக மீதிதான் கையில் இருப்பது. அதனால் முதலில் கத்தி விழுவது நாளிதழ்மேல், அல்லது நூல் கொள்முதல்மேல்.

நாளிதழைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி. ஒரு நாளிதழ் 8 ரூபாய் என்றால் வருடத்துக்குச் சுமார் 2,900. ஐந்து நாளிதழ்கள் 14,500. அதே பணத்துக்கு 200 ரூபாய் விலையில் 72 நூல்கள் வாங்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்குமுன் படியில் உட்கார்ந்திருப்பவர் நாளிதழுக்காக வந்தவர். இரண்டு வாரம் அவர் வராமல் போனால் டீக்கடைக்குப் பழகிவிடுவார். 72 நூல்களை அடுத்த ஆண்டு வாங்கலாம். வழி மாறிய கால்களைத் திருப்புவது கடினம்.

வார, மாத இதழ்களில் கழிக்கலாம். எதைக் கழிப்பது என்பதை ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது. வாசகர் படித்துவிட்டு மேசையில் விட்ட இதழ்களை அடுக்கும்போது, ஒவ்வொன்றின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரண்டு வாரம். நான்கைந்து கோடுகூடத் தேறாத இதழை நிறுத்தலாம். ‘படித்துவிட்டு இங்கேயே வையுங்கள், அடுக்க வேண்டாம்’ என்று மேசையில் அட்டை வைக்க மறந்தால் கணக்கு பொய்யாகும். ஒழுங்கான வாசகர் தாமே எடுத்த இடத்தில் வைத்துவிடுவார்.

இன்னொன்று. கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் இணைநிதித் திட்டத்தில், மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் அறக்கட்டளையின் பங்கும் வரும். அந்தத் தலைப்பில் ஒரு ரூபாயை வெட்டினால் போவது ஒரு ரூபாயோடு நிற்பதில்லை. மதிப்பீட்டில் இந்த இனத்துக்கு எதிரே சிவப்பு மையில் குறித்து வைப்பது வழக்கமாக வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

நூல் விவரங்களைக் கணினியில் பதியும் பயிற்சி பற்றி. ஒற்றை ஆள் நூலகம் என்றால், அவரை ஒரு நாள் பயிற்சிக்கு அழைப்பது அந்த நூலகத்தை ஒரு நாள் பூட்டுவதுதான். ஆகவே அரை நாள் போதும். மாதக் கணக்கு ஒப்படைக்க மாவட்ட மைய நூலகத்துக்கு வரும் நாளிலேயே வைத்துக்கொள்ளலாம். பயணமும் மிச்சம்.

திரையில் படம் காட்டி நடத்தும் பயிற்சியில் பயனில்லை. ஒவ்வொருவரும் தம் நூலகத்திலிருந்து 20 நூல்களைக் கொண்டுவர வேண்டும். அவற்றில் குறைந்தது பத்து, ஐஎஸ்பிஎன் (நூலின் பன்னாட்டு அடையாள எண்) இல்லாத பழைய நூல்களாக இருக்கட்டும். எண் இருக்கும் நூலுக்கு விவரத்தை இணையத்திலிருந்து இழுத்துவிடலாம். திணறல் எல்லாம் எண் இல்லாத நூலில்தான்.

தமிழ்ப் பதிவுகளில் தேடல் தவறும் இடங்கள் சில, திரும்பத் திரும்ப வருபவை.

‘ர்’ என்பதற்குத் துணைக்கால் போட்டுப் புள்ளி வைப்பது. ‘ஆசிரியர்’ என்பதும் ‘ஆசிரியா்’ என்பதும் கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பட்டியல்களில் இது மண்டிக் கிடக்கும். ‘ா்’ என்று தேடி ‘ர்’ என்று மாற்றினால் ஒரே தட்டில் தீரும், தமிழில் துணைக்காலுக்குமேல் புள்ளி வரும் இடமே இல்லை என்பதால்.

‘கௌ’ என்பதைக் ‘கெ’ போட்டு ‘ள’ அடிப்பது. இதை ஒரே தட்டில் மாற்றக்கூடாது. ‘கெளுத்தி’ மீனும் ‘கௌுத்தி’ என்று கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

‘கொ’ என்பதில் உயிர்மெய்க் குறி ஒற்றைக் குறியாகவும் சேமிக்கப்படலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கப்படலாம். எக்செல் பட்டியலில் தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. தரவை கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றுமுன், இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோட் சீராக்கம் செய்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு செய்வது பெரும்பாடு.

நான்காவது, தலைப்பெழுத்து. இரா. முருகேசன், ரா. முருகேசன், ஆர். முருகேசன் மூவரும் ஒருவரா? நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி எழுதி, ஒரே ஆள் என்று உறுதியான பிறகு ஒரு வடிவத்தின்கீழ் கொண்டுவரலாம். பெயர் முதலில், தலைப்பெழுத்து பின்னால்: ‘முருகேசன், இரா.’. பாதிப் பேர் இதை மாற்றி எழுதியிருந்தால் அகர வரிசை பாழ்.

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி முடிந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு நூலகத்திலிருந்தும் 50 பதிவுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத பயிற்சி வருகைப் பதிவேட்டோடு முடிந்தது.

வகை எண்ணில் அதிகம் சறுக்குவது மொழிபெயர்ப்பு. டூயி நூற்பகுப்பு முறையில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113, கவிதைக்கு 894.8111. தமிழில் வந்த ருஷ்ய நாவலையும் அங்கேயே போட்டுவிடுகிறார்கள். மூலமொழியை வைத்து அது 891.73-க்குப் போக வேண்டும். வெறும் 894.811 என்று நிறுத்திவிடும் சோம்பலும் உண்டு. அப்புறம் கவிதை, நாடகம், நாவல் எல்லாம் ஒரே அலமாரியில் பொங்கல் கூட்டம்.

இந்த மண்ணில் நூலகப் பயிற்சி புதிதில்லை. சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் சார்பில் வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

இருப்புச் சரிபார்ப்பு. ஒருவர் சேர்க்கை எண்ணை (நூல் வந்ததும் பதிவேட்டில் தரும் வரிசை எண்) படிக்க இன்னொருவர் குறித்தால் மணிக்கு 200 நூல் போகும். 12,000 நூல்களுக்கு 60 மணி. தினம் நான்கு மணி என்றால் 15 வேலை நாள். தனியாளாகச் செய்தால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே பக்கத்து நூலகர் இருவரும் மாறி மாறி உதவிக்கொள்வதுதான் வழி.

வரிசை முக்கியம். முதல் இரண்டு நாள் எண்ணவே கூடாது. அலமாரியை ஒழுங்குபடுத்த வேண்டும். பிறகு கடனில் உள்ள நூல்களின் பட்டியலைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை விட்டால் வாசகர் வீட்டில் இருக்கும் நூலெல்லாம் ‘காணவில்லை’ ஆகிவிடும். மூலச் சேர்க்கைப் பதிவேட்டில் கோடு போடாமல், எண்கள் மட்டும் அச்சிட்ட தாளில் குறிக்க வேண்டும். பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டிய நூலகமானால், மடிக்கணினியில் வெறும் உரைக்கோப்பில் வருடிக்கொண்டே போய், கோஹாவின் இருப்பெடுப்புப் பகுதியில் ஏற்றினால் போதும். ஒரே நூலை இருமுறை வருடினாலும் கெடுதல் இல்லை.

குறைந்த நூல்களைப் பார்த்துப் பதறுவோருக்கு ஓர் அளவுகோல்: மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215. ஆண்டில் வழங்கிய அல்லது படிக்க எடுத்த ஆயிரம் நூலுக்கு ஐந்து வரை இழப்பு இயல்பென்று ஏற்கிறது, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமில்லை என்றால். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் போனால் விசாரணை வேண்டும். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. இங்கே தணிக்கை இங்குள்ள விதிப்படிதான். ஆனாலும் நூலகரை மிரட்டுபவரிடம் காட்ட உதவும். இழப்புப் பயத்தில் அலமாரியைப் பூட்டி வைப்பது, இழப்பைவிடப் பெரிய இழப்பு.

பழைய நூல்களைக் கழிப்பதில் முதல் இடம் போட்டித்தேர்வு வழிகாட்டிகளுக்கு. பள்ளிப் பாடநூல்கள் 2018-19, 2019-20 ஆண்டுகளில் மாறின. அதற்கு முந்தைய பாடத்தை வைத்து எழுதிய வழிகாட்டி இன்னும் அலமாரியில் இருந்தால், தேர்வெழுதும் பிள்ளைக்கு நாமே குழி வெட்டுகிறோம்.

ஏப்ரல் 9, புதன்

நூல் வாங்கப் பணமில்லாத ஆண்டில் பெட்டி முறை. ஐந்து கிளைகள், ஆளுக்கு 60 நூல் வாங்கும் அளவே பணம். எல்லாக் கிளைக்கும் ஒரே 60 நூலை வாங்குவதுதான் வழக்கம். அதற்குப் பதில் ஐந்து வெவ்வேறு பட்டியல், ஐந்து பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டி அடுத்த கிளைக்கு நகரும். 15 மாதத்தில் ஒவ்வொரு கிளை வாசகரும் 300 புது நூல்களைப் பார்த்திருப்பார், அதே செலவில். பெட்டி 18 முதல் 20 கிலோ. பேருந்தில் இருக்கைக்கடியில் போய்விடும்.

மாற்றும் நாளுக்கு 15 நாள் முன்பே பெட்டி நூல்களைக் கடன் தருவதை நிறுத்த வேண்டும். பட்டியல் இரண்டு நகல், இருவர் கையொப்பம். சேர்க்கை எண் வாங்கிய கிளையின் கணக்கிலேயே இருக்கும்; இடம் மட்டும் மாறும். போட்டித்தேர்வு நூலைப் பெட்டியில் வைக்கக்கூடாது. அதை ஆறு மாதம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி அனுப்பியதும் இதே கணக்குதான். நூல் குறைவானால் நூல் நடக்க வேண்டும்.

மே 29, வியாழன்

நாளை மறுநாள் மாதக் கடைசி. ஓய்வு பெறும் நாள். தமிழ்நாட்டில் மே, ஜூன் மாதங்களில் ஓய்வு குவியும். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி அப்படி. ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59-ஆகவும், 2021-இல் 60-ஆகவும் உயர்ந்ததால் 58-இல் போக வேண்டியிருந்தவர் யாரும் 2022 மே வரை வயது முதிர்வால் போகவில்லை. அந்த இரண்டு ஆண்டு, பின்வருவோரைத் தயார் செய்யக் கிடைத்த காலம். பெரும்பாலும் வீணானது.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் இருக்கும். இல்லாதவை இவை: கடைசிச் சேர்க்கை எண், உறுப்பினர் காப்புத்தொகை இருக்கும் வங்கிக் கணக்கும் பதிவேட்டுத் தொகையும் ஒத்துப்போகிறதா என்பது, மின் இணைப்பு எண், வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி, திரும்பாத நூல்களின் பட்டியல், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது.

எல்லாவற்றுக்கும் மேலே ஓடிபி. இணைய இணைப்பு, மின்கட்டணம், மின்னஞ்சல் எல்லாம் போகிறவரின் சொந்தக் கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கும். அவர் பேரன் வீட்டுக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டால், கடவுச்சொல்லை மீட்கவே ஒரு மாதம் ஆகும். கடைசி வாரத்திலேயே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, ஒவ்வொன்றாக நூலகத்துக்கென்று வாங்கிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். சிம் அட்டை மாதச் செலவைச் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 5, வியாழன்

இனி ஒருவருக்கு இரண்டு நூலகம். கூடுதல் பொறுப்பு. காலை இங்கே, மாலை அங்கே என்று பிரிப்பது தாளில் அழகாக இருக்கும். 12 கிலோமீட்டர் பேருந்தில், ஒரு வண்டி வராவிட்டால் மாலைக் கதவு திறக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே நடைமுறையில் நிற்கிறது: திங்கள், புதன், சனி ஒன்று, செவ்வாய், வியாழன், ஞாயிறு மற்றது. பூட்டிய நாளின் நாளிதழைப் பக்கத்துக் கடையில் போடச் சொல்லி, மறுநாள் வாங்கிக்கொள்ளலாம்.

கோஹாவின் விடுமுறை நாள்காட்டியில் புதிய மூடல் நாட்களைப் பதிய வேண்டும். இல்லையேல் திரும்பத் தரும் தேதி பூட்டிய நாளில் விழும். வாசகர் வந்து திரும்பிப் போவார், தாமதக் கட்டணமும் ஏறும். சண்டை அங்கே தொடங்கும்.

வாசகர் வட்ட இளைஞர்கள் உதவ வந்தால் அலமாரி அடுக்குதல், கிழிந்த முதுகு ஒட்டுதல், சிறுவர் பகுதி, இதழ்க் கணக்குக் கோடு ஆகியவற்றைத் தரலாம். பணம், சேர்க்கைப் பதிவேடு, சாவி மூன்றையும் தரக்கூடாது. நம்பிக்கையின்மை காரணமில்லை, ஏதாவது குறைந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் அடிபடும்.

கதவில் ஒட்டும் தாளில் ‘விரைவில் முழு நேரம்’ என்று எழுத வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது மட்டும், தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக.